6 அடி ரீஃப் (பவளம் வளர்க்கும் கடல்நீர்) தொட்டியை வீடு மாற்றுவது: வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர், மே கடைசி

#1 வேளச்சேரி_ரீஃப்

எல்லாருக்கும் வணக்கம். மே கடைசியில் வீடு மாறுகிறோம். இப்போது வேளச்சேரியில் மூன்றாவது மாடி, போகிற இடம் சோழிங்கநல்லூரில் இரண்டாவது மாடி. புது வீட்டுச் சாவி ஒரு மாதம் முன்னாலேயே கிடைத்துவிடும். பழைய வீட்டில் மாதக் கடைசி வரை கரண்ட், ஏசி எல்லாம் இருக்கும்.

தொட்டி 6 × 2.5 × 2 அடி, 15 மி.மீ. கண்ணாடி, ஆறு வருடம் ஆகிறது. சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து ஓடுகிற தண்ணீர் சுமார் 850 லிட்டர். மணல் 2 அங்குலம். கல் 70 கிலோ, செயற்கை உலர் கல்லில் தொடங்கியது. பவளத்தில் லெதர், ஜோவா, மஷ்ரூம், செனியா. ஒரு பபிள்டிப் அனிமோன். மீன்: ப்ளூ டேங்க், ஃபாக்ஸ்ஃபேஸ், க்ளௌன் ஜோடி, மஞ்சள் கோரிஸ் ராஸ், ஐந்து க்ரோமிஸ். க்ளீனர் இறால் இரண்டு.

ஒரே நாளில் முடிக்க முடியுமா? மணலைக் கொண்டுபோகலாமா? பழைய தண்ணீர் எவ்வளவு வேண்டும்? ஒரு குட்டி யானை வண்டி போதுமா?

#2 உப்புக்கணக்கு

ஒரே நாளில் முடியும். ஆனால் வேலையை நான்கு வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டும். அந்த வேலையில் முக்கால்வாசி மணல்தான்.

ஆறு வருட மணலின் அடியில் ஆக்சிஜன் போகாத இடங்கள் உண்டு. முன் கண்ணாடியோரம் கறுப்புத் திட்டாகத் தெரிகிறதே, அதுதான். அதைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மிகக் குறைந்த அளவே மீனுக்கு நஞ்சு. கூடவே வருடக்கணக்கில் சேர்ந்த கழிவு கலங்கி அம்மோனியாவாக மாறும். வீடு மாற்றிய மூன்றாம் நாள் மீன்கள் வரிசையாகச் சாகிற கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி இந்த மணல்தான். பயணத்தின் மேல் பழி போடுவார்கள்.

அதனால் பழைய மணல் புது வீட்டுக்கு வரக்கூடாது. அதற்காக ஒரே நாளில் அள்ளவும் கூடாது. வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது முக்கால் அங்குல டியூபால் கால் பங்கு மணலை உறிஞ்சி எடுங்கள். இடமிருந்து வலம் வரிசையாகப் போங்கள். டியூபை மணலில் குத்திவிட்டுக் கிளறாதீர்கள், மேலே பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க விடுங்கள். நான்காவது வாரம் அடிக்கண்ணாடி வெறுமையாக இருக்க வேண்டும்.

கோரிஸ் ராஸ் மணலுக்குள் புதைந்து தூங்குகிற மீன். மணல் போனால் கண்ணாடியில் மோதிக் காயப்படும். 4 அங்குல ஆழமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கழுவிய மணலைப் போட்டு மூலையில் வைத்துவிடுங்கள். வீடு மாற்றும் நாளில் அதைத் தேடவே வேண்டாம், விளக்கு அணைந்த பிறகு டப்பாவோடு தூக்கிவிடலாம்.

#3 பவளமேடு

மணலில்தான் பாதி பாக்டீரியா இருக்கிறது. அதை எறிந்துவிட்டுப் புது மணல் போட்டால் தொட்டி மறுபடி சைக்கிள் ஆகாதா, அதாவது பாக்டீரியா புதிதாக வளரும் வரை அம்மோனியா ஏறாதா? பழைய மணலை நன்றாகக் கழுவிப் போடலாமே?

#4 உப்புக்கணக்கு

850 லிட்டருக்கு 70 கிலோ கல், சம்ப்பில் செராமிக் மீடியா (பாக்டீரியா வளரும் துளைக் கட்டிகள்) இருந்தால் அதுவும். இந்த மீன் எண்ணிக்கைக்கு அது தாராளம். நான்கு வாரமாகப் படிப்படியாக மணலை எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இதுதான்: மணல் செய்த வேலையை மெல்ல மெல்லக் கல்லில் இருக்கும் பாக்டீரியா ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் இரண்டு நாள் அம்மோனியா பாருங்கள், பூஜ்ஜியத்திலேயே நிற்கிறதென்றால் கல் தாங்குகிறது என்று அர்த்தம்.

கழுவிப் போடுவது தவறில்லை. ஆனால் 2 அங்குல மணல் நூறு கிலோவுக்கு மேல் வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும் வரை கழுவ வேண்டும், அதற்குள் அதில் இருந்த உயிர்களும் போய்விடும். அந்த உழைப்புக்குப் புது அரகனைட் மணலையே வாங்கிக் கழுவலாம். மேல்மட்டத்து மணலில் இருக்கும் சிறு புழு, கோபிபாட் மாதிரி நுண்ணுயிர்கள் வேண்டுமென்றால் மேல் அரை அங்குலத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

#5 பவளமேடு

ஒரு டம்ளர் யோசனை நல்லது. ஆறு மாதமே ஆன தொட்டி, ஒரு அங்குலத்துக்கும் குறைவான மணல் என்றால் மட்டும் கழுவிப் போடலாம் என்று மாற்றிக்கொள்கிறேன்.

#6 சம்ப்_மேஸ்திரி

எடையைப் பேசாமல் எதையும் தொடங்காதீர்கள் தம்பி.

15 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 37.5 கிலோ. உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் காலித் தொட்டி மட்டும் 170 கிலோ, மேல் பிரேஸ் (விளிம்பைத் தாங்கும் கண்ணாடிப் பட்டை) இருந்தால் 180-ஐ ஒட்டும். ஸ்டாண்டு, கல், தண்ணீர், சம்ப் எல்லாம் சேர்ந்து ஓடும்போது 1,200 கிலோவுக்குக் குறையாது. அது நிற்கும் இடம் 15 சதுர அடிதான், அதாவது சதுர மீட்டருக்கு 900 கிலோ அளவு. குடியிருப்பு அறைத் தளத்துக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலையின் இரண்டாம் பகுதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அறை முழுவதற்கும் பரவிய கணக்கு அது என்பதால் உடனே இடிந்துவிடும் என்று பொருள் இல்லை. ஆனால் ஹாலின் நடுவில் வைக்கக்கூடாது. அடியில் பீம் ஓடுகிற சுவரை ஒட்டி, தூண் இருக்கும் மூலைக்குப் பக்கமாக வையுங்கள். பில்டரிடம் ஸ்ட்ரக்சரல் டிராயிங் கேட்டு வாங்கி ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

லிஃப்டை மறந்துவிடுங்கள். எட்டுப் பேர் லிஃப்ட் 544 கிலோ தூக்கும், ஆனால் 183 செ.மீ. நீளத் தொட்டி படுக்கையாக உள்ளே போகாது. நிமிர்த்தி வைத்தால் போகும், அப்படிச் செய்யவே கூடாது. ஓரக் கண்ணாடியில் மொத்த எடையும் இறங்கினால் சிலிக்கான் ஒட்டு முறுக்கிக்கொள்ளும். அன்று ஒன்றும் தெரியாது, தண்ணீர் நிறைத்து இரண்டு வாரம் கழித்துக் கசியும்.

படிக்கட்டுதான். 6 × 2.5 × 2 அடி அளவில் மரச்சட்டத்தில் ஒரு கூண்டு அடித்து, இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டுப் படியிலும் ஏறி இறங்கிப் பாருங்கள். திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி இடிக்கிறதா, வாசல் கதவைக் கழற்ற வேண்டுமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். தூக்க எட்டுப் பேர் வேண்டும், ஆறு பேர் போதும் என்று சொன்னால் கேட்காதீர்கள். 18 மி.மீ. ப்ளைவுட், அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் தொட்டி. பிடி ப்ளைவுட்டில் இருக்க வேண்டும். வாக்யூம் கப் பிடிமானத்துக்கு மட்டும். உப்புப் படலம் இருந்தால் அது வழுக்கிவிடும், ஒட்டும் இடத்தை முதலில் வினிகரால் துடைத்துக் காயவிட வேண்டும். மேல் பிரேஸைப் பிடித்து எவரும் தூக்கக்கூடாது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு கல் இருக்கக்கூடாது.

குட்டி யானை முக்கால் டன் வண்டி. கேன் தண்ணீர் மட்டுமே அரை டன். ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்ற நினைக்காதீர்கள்.

#7 வேளச்சேரி_ரீஃப்

அண்ணா, கூண்டு யோசனை அருமை. அடுத்த ஞாயிறே செய்துவிடுகிறேன். தண்ணீர்க் கணக்கு யாராவது சொல்லுங்கள்.

#8 உப்புக்கணக்கு

பழையது 500 லிட்டர், புதியது 350. ஆனால் 450 லிட்டர் கலக்கி வையுங்கள். வழியில் ஒரு கேன் கவிழும், கல் டப்பின் கலங்கிய தண்ணீரைக் கொட்ட நேரும்.

பழைய தண்ணீரில் பாக்டீரியா அவ்வளவாக இல்லை, அது கல்லில்தான் ஒட்டியிருக்கிறது. பழைய தண்ணீரை எடுத்துப்போவது பவளத்துக்கு எல்லா அளவும் ஒரே நாளில் மாறாமல் இருப்பதற்காக.

புதுத் தண்ணீருக்கு லிட்டருக்கு 36 கிராம், 450 லிட்டருக்குச் சுமார் 16 கிலோ உப்பு. அடர்த்தி 1.025 முதல் 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு மானி) 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்துவிட்டு அளங்கள், ஆர்ஓ தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது. சோழிங்கநல்லூர்ப் பக்கம் போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வருவது சகஜம், டிடிஎஸ் எக்கச்சக்கமாக இருக்கும். ஆர்ஓவுக்குப் பிறகு மிச்ச உப்புகளை நீக்கும் டிஐ ரெசின் சீக்கிரம் தீரும், கூடுதலாக ஒரு கார்ட்ரிட்ஜ் வைத்துக்கொள்ளுங்கள். 75 ஜிபிடி (நாளுக்கு 75 கேலன்) மெம்ப்ரேன் கணக்குப்படி நாளுக்கு 280 லிட்டர் தரும். பூஸ்டர் பம்ப் இல்லாத வீட்டில் அதில் பாதி வந்தாலே பெரிது. ஆக, ஐந்து நாளாவது முன்னாலேயே ஆர்ஓ ஓடத் தொடங்க வேண்டும். 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று புது வீட்டில், உள்ளே ஒரு வேவ்மேக்கர் (தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்), கலந்த பின் ஒரு நாள் முழுக்கச் சுழல வேண்டும்.

உப்பு வாங்கும்போது கவனம்: சில வகை உப்பு கலக்கும்போதே ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 11, 12 டிகேஎச் தரும், டிகேஎச் அதன் அலகு. உங்கள் தொட்டி 8-இல் ஓடுகிறது என்றால் ஒரே நாளில் ஒன்றரை டிகேஎச் அளவுக்கு எகிறும். 7, 8 தருகிற உப்பையே வாங்குங்கள். பழைய தொட்டியில் என்ன ஓடுகிறதோ அதற்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

எடுத்துப்போக பபுள்டாப் கேன்தான் வசதி. 20 லிட்டர், ஒரு ஆள் தூக்கலாம், மூடி இறுகும். 25 கேன். பெரிய டிரம்மில் 200 லிட்டர் நிரப்பிவிட்டால் யாராலும் அசைக்க முடியாது.

ஒரு விஷயம் மறக்காதீர்கள்: கல்லைத் தொடுவதற்கு முன்னால், கை விடுவதற்கு முன்னால் இந்த 500 லிட்டரை எடுத்துவிட வேண்டும். கல்லை அசைத்த பிறகு இருக்கும் தண்ணீர் கொட்டுவதற்குத்தான்.

#9 ராயபுரம்_அக்வா

மீன், பவளம் பற்றி நான் சொல்கிறேன்.

முந்தின நாளிலிருந்தே மீனுக்கு உணவு போடாதீர்கள். 24 மணி நேரம் பட்டினி இருந்தால் டப்பில் கழிவு குறையும். முழுத் தொட்டியில் வலை போட்டுத் துரத்தாதீர்கள். தண்ணீர் எடுத்து, பவளம் எடுத்து, கல் எடுத்து, அரை அடி தண்ணீர் நிற்கும்போது மீன் தானாகக் கைக்கு வரும். ஒவ்வொரு கல்லையும் எடுக்கும்போது டப்புக்கு மேல் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள், க்ரோமிஸ் ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும்.

ஃபாக்ஸ்ஃபேஸின் முதுகு முள்ளில் விஷம் உண்டு. வலையிலிருந்து கையால் எடுக்க வேண்டாம், ஜாடியில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் கையை வையுங்கள், வலி குறையும். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போங்கள். ப்ளூ டேங்குக்கு வாலடியில் கத்தி மாதிரி முள், அது வலையில் மாட்டும், பையைக் கிழிக்கும். இரண்டுக்கும் பை வேண்டாம், மூடி போட்ட 60 லிட்டர் டப், பேட்டரி ஏர் பம்ப்.

13 கி.மீ. பயணத்துக்கு ஆக்சிஜன் பை தேவையே இல்லை. பையில் நெடுநேரம் மீன் இருந்தால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கும். பிஎச் 7.2-இல் அம்மோனியாவில் நஞ்சான பகுதி ஒரு சதவீதத்துக்கும் கீழே. பையைத் திறந்து காற்று பட்டதும் பிஎச் 8.2-க்கு ஏறும்போது அதே தண்ணீரில் அது 7 சதவீதம் அளவுக்குப் போய்விடும். பையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது ஆபத்து என்பது இதனால்தான். டப்பில் காற்று ஓடிக்கொண்டே இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. சேரும் தண்ணீரும் பாதிக்கு மேல் இதே தண்ணீர், வெப்பநிலையும் உப்பும் சரியாக இருந்தால் உடனே விட்டுவிடலாம்.

அனிமோனைக் கல்லிலிருந்து பிய்க்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது கடினம். கல்லோடு தனி டப்பில் எடுத்துப்போங்கள், மற்ற பவளத்தோடு கலக்க வேண்டாம். லெதருக்கும் தனி டப், அது வழவழப்பாகக் கக்குவது மற்றவற்றைச் சுருக்கிவிடும்.

ஜோவா ஒட்டிய கல்லுக்குக் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். அதில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். வெந்நீர் ஊற்றுவது, கொதிக்க வைப்பது, உலர்ந்த கல்லைத் தேய்ப்பது, இவற்றால் ஆவியிலும் தூசியிலும் நஞ்சு கிளம்பி வீட்டில் எல்லாரும் மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. மூவர்ஸ் ஆட்களிடம் கல் டப்பைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

#10 நீலக்கரை

கூட ஒன்று. கடின பவளங்கள், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கடற்கரையிலிருந்து எடுத்த பவளக் கல், பவள எலும்புக்கூடும் அதில் அடங்கும். இவருடைய தொட்டியில் மென்பவளமும் செயற்கைக் கல்லும்தான் என்பதால் கவலை இல்லை. மற்றவர்கள் இந்த இழையைப் பார்த்துத் திட்டமிட்டால் இதை மனதில் வையுங்கள். நடுராத்திரியில் வண்டியில் பவளத்தோடு போகும்போது வாங்கிய ரசீதுகள் கையில் இருக்கட்டும்.

#11 ஸ்காபரோ_கடல்

இஞ்ச டொராண்டோவில எங்களுக்குப் பிரச்சினை மறுபக்கம். ஜனவரியில வெளியில மைனஸ் பத்து, பதினைஞ்சு. மாற்ற வேணுமெண்டால் ஐஸ் பெட்டிதான் எடுக்கிறது, பிக்னிக்குக் கொண்டுபோற பெரிய கூலர். தண்ணியைப் புறப்பட முதல் 27 டிகிரியில வச்சு மூடினால் ரெண்டு மணித்தியாலத்துக்குப் பெரிசாக் குறையாது. வாகனத்தை அரை மணித்தியாலம் முதலே சூடாக்கி வைக்க வேணும். கண்ணாடியைக் குளிரில வச்சிட்டு உடன சூடான தண்ணி ஊத்தாதேங்கோ, அறைச் சூட்டுக்கு வரட்டும்.

உங்களுக்கும் அதே கூலர் உதவும் தம்பி, வெயிலைத் தடுக்க.

#12 உப்புக்கணக்கு

ஸ்காபரோ சொல்வது சரி. கத்திரி வெயிலில் தகரம் மூடிய வண்டிக்குள் டப் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும், மீனின் தேவை கூடும். 60 லிட்டர் டப்பில் அரை லிட்டர் உறைந்த பாட்டிலை மிதக்கவிட்டு முழுதாக உருகினால் சுமார் 1 டிகிரி இறங்கும், இந்தக் கணக்கில் பாட்டில்கள் தயாராக வையுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், உப்பு குறையும்.

அன்றைய வரிசை இப்படி இருக்கட்டும். அதிகாலை நான்குக்கு ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிப்பது), சில்லர் (தண்ணீரைக் குளிர்விப்பது), ரிட்டர்ன் மோட்டார் (சம்ப்பிலிருந்து மேலே ஏற்றுவது) நிறுத்தம். 500 லிட்டர் கேன்களில். பவளம், கல், மீன், இறால் அந்தந்த டப்பில். கல் மூழ்கியே இருக்க வேண்டும், டப்புக்குள் ஒரு சிறு வேவ்மேக்கர். கல்லில் ஸ்பாஞ்ச் என்ற கடற்பஞ்சு உயிர் வளர்ந்திருந்தால் அதைக் காற்றில் காட்டாதீர்கள், உள்ளே காற்று சிக்கிச் செத்து அழுகும். செராமிக் மீடியாவும் காற்று ஓடும் தண்ணீரில். வடிகட்டியில் இருக்கும் பழைய ஸ்பாஞ்ச், ஃபில்டர் சாக்ஸ் குப்பைக்கு.

இந்த டப்கள் எல்லாம் ஏசி போட்ட பழைய வீட்டிலேயே நிற்கட்டும். முதல் வண்டியில் தொட்டி, ஸ்டாண்டு, சம்ப் மட்டும். அங்கே தொட்டி நின்று, ரசமட்டம் பார்த்து, புதுத் தண்ணீர் ஊற்றிக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு இரண்டாவது நடையில் கேன்களும் மூன்றாவது நடையில் உயிர்களும். அவசரத்தில் உயிர்களை முதலில் ஏற்றிவிடுகிறார்கள். தொட்டி படியில் மாட்டிக்கொண்டால் அவை வண்டியில் வெயிலில் நிற்கும்.

#13 சம்ப்_மேஸ்திரி

ரசமட்டம் நீளவாக்கில், அகலவாக்கில், குறுக்காக மூன்றும். சரிவு இருந்தால் ஸ்டாண்டின் காலடியில் ஆப்பு வையுங்கள், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் வைக்கவே கூடாது. நடுவில் 10 மி.மீ. ஃபோம் ஷீட் புதிதாகப் போடுங்கள்.

பைப்பை முன்கூட்டியே யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைத்துப் பொருத்திவிடுங்கள். பழைய ஒட்டை அறுத்தால் புதிய சால்வன்ட் சிமென்ட் ஒரு நாள் காய வேண்டும், அன்றைக்கு அது நடக்காது. புது வீட்டில் தனி 16 ஆம்பியர் லைன், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த் சோதனை எல்லாம் எலெக்ட்ரீஷியனை வைத்து முன் வாரமே. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி ஏற வேண்டும், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல். ரிட்டர்ன் மோட்டாரும் ஒரு வேவ்மேக்கரும் இன்வெர்ட்டரில். கடைசியில் ரிட்டர்னை நிறுத்திப் பார்த்து, பின்னோக்கி வருகிற தண்ணீரை சம்ப் தாங்குகிறதா என்று பாருங்கள். தரையில் வழிந்தால் முதல் புகார் கீழ்வீட்டிலிருந்துதான் வரும்.

#14 ராயபுரம்_அக்வா

கல்லை அடிக்கண்ணாடி மேல் நேராக வைத்து அடுக்கிவிட்டு, அதைச் சுற்றிக் கழுவிய மணலைப் போடுங்கள். மணல் மேல் கல் வைத்தால் இறால், மீன் தோண்டும்போது சரியும். உங்களுக்கு ஒரு அங்குலம் போதும், 50 கிலோ அளவு.

மாலைக்குள் மீன் உள்ளே. இரண்டு வாரம் தினமும் அம்மோனியா. 0.25 பிபிஎம் தென்பட்டால் அன்றே 20 சதவீதம் தண்ணீர் மாற்று, மீதம் இருக்கும் புதுத் தண்ணீர் அதற்கு உதவும், போதாததைக் கலக்கிக்கொள்ளுங்கள். ப்ரைம் மாதிரி அம்மோனியாவைக் கட்டும் மருந்து ஊற்றினால் சாதாரண டெஸ்ட் கிட் அதற்குப் பிறகும் மொத்த அம்மோனியாவைக் காட்டும், அதை வைத்து ஆபத்து தீர்ந்ததா என்று முடிவு செய்ய முடியாது. நான் தண்ணீர் மாற்றையே நம்புவேன். முதல் வாரம் உணவு ஒரு நாள் விட்டு ஒரு நாள், கொஞ்சமாக. தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் கரி 500 கிராம் ஒரு பையில்.

#15 வேளச்சேரி_ரீஃப்

அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் மிக்க நன்றி. பிரிண்ட் எடுத்துவிட்டேன். கடைசியாக இரண்டு கேள்வி. லைட் பழைய அளவிலேயே போடலாமா? லெதர் திறக்கவில்லை என்றால் எத்தனை நாள் பொறுக்கலாம்?

#16 ராயபுரம்_அக்வா

லைட்டைப் பாதியாகக் குறையுங்கள், வாரத்துக்கு 10 சதவீதம் ஏற்றுங்கள். புதுத் தண்ணீரும் கரியும் சேர்ந்தால் தொட்டி முன்பைவிடத் தெளிவாக இருக்கும், அதே லைட் பவளத்துக்குக் கூடுதலாக விழும். கல்லின் இடமும் மாறியிருக்கும்.

லெதர் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் மூடியே கிடக்கும். மேலே மெழுகு மாதிரி பளபளப்பான தோல் வந்தால் அது தோலுரிக்கிறது, பயப்பட வேண்டாம். வேவ்மேக்கர் காற்று மாதிரி மேலே படட்டும், பெரிய சிரிஞ்சால் தண்ணீர் அடித்து அந்தத் தோலை ஊதிவிடுங்கள். அடித்தண்டைத் தொட்டுப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கறுத்துக் குழைந்து நாற்றம் அடித்தால் அந்தப் பகுதியைக் கூரான பிளேடால் நல்ல சதை தெரியும் வரை வெட்டி, அன்றே கரியை மாற்றிவிடுங்கள்.

ஸ்கிம்மர் முதல் மூன்று நான்கு நாள் பைத்தியம் மாதிரி நுரைக்கும், கப்பை உயர்த்தித் தண்ணீர் மட்டத்தைக் குறைத்து ஓட்டுங்கள், நிறுத்த வேண்டாம்.

#17 சம்ப்_மேஸ்திரி

கூண்டு அடித்துப் படியில் ஏற்றிப் பார்த்தபின் திருப்பத்தின் அளவை இங்கே போடுங்கள் தம்பி. இரண்டாவது மாடி வாசல் 3 அடிக்குக் குறைவாக இருந்தால் தொட்டியை எந்தப் பக்கம் முன்னால் விட்டு உள்ளே எடுப்பது என்று சொல்கிறேன்.